2,560 கிலோ: ஒரு லோரி எடைமேடையின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பலகைகளில் எல்லாம் அந்தப் பெயர்தான். ஊர்க்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 38 ஆண்டு வேலையை முடித்துக்கொண்டு இங்கேயே திரும்பி வந்திருக்கிறேன்.

"இத்தன வருசமா கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னியே, என்னதாம்ப்பா செஞ்சே?" என்று கோயில் திருவிழாவில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் கேட்டார். திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினிகளுக்கு நிரல் எழுதினேன் என்றேன். எடைக்கருவி, தண்ணீர்ப் பம்பு, கதவைத் திறக்கும் அட்டை, காரின் குளிர்சாதனம் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கும். அதற்குள் ஓடும் நிரலை எங்களைப் போன்றவர்கள் எழுதுகிறோம். எம்பெடட் மென்பொருள் என்று அதற்குப் பெயர்.

செய்ததில் மனம் நிறைந்த வேலைகள் நிறைய உண்டு. இங்கே எழுதப்போவது அந்தக் கணக்கில் வராது. 1989, 1990 ஆண்டுகளில், நான் எழுதிய நிரலில் இருந்த ஒரு பிழையால் லோரி ஓட்டிய ஒருவர் திருடன் என்று பெயர் வாங்கினார். அந்தப் பிழை எப்படி வந்தது, 14 மாதம் ஏன் பிடிபடவில்லை, கடைசியில் பிடித்தது யார் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். ஆலையின் பெயரும் நான் வேலை செய்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

எடை

இந்த வட்டாரத்தில் எடை என்பது சாப்பாடு. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது எங்கள் ஊர்ப் பக்கம்தான். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. ஆனால் நான் பிறந்த லயத்தைச் சுற்றி அப்போது பால்மரம், அதாவது ரப்பர் மரம்தான் நின்றது.

அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்னும் தோள்கம்பில் மாட்டிச் சுமந்து, வெயில் ஏறுமுன் ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். கிராணி, அதாவது கணக்கர், நிறுப்பார். பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். பிறகு எழுதுவார். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. ராத்திரி சோறு போடும்போது, "இன்னைக்கு வாளி கனத்துச்சு, கணக்குல கனக்கல" என்பார். யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டார். கிராணி எழுதினதுதான் எடை.

1983இல் சுங்கைவே சுதந்திர வணிக வளாகத்தில் சில்லு சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். மாலை வகுப்பில் டிப்ளோமா முடித்தேன். 1986இல் எடைக்கருவி செய்யும் சின்ன நிறுவனம் ஒன்று ஆள் கேட்டது. சம்பளம் குறைவு. எடைக்கருவி என்ற ஒரு சொல்லுக்காகவே போனேன்.

கருவி

செம்பனை ஆலையின் வாசலில் லோரி முதலில் ஏறும் இடம் எடைமேடை. எங்கள் ஆட்கள் அதைத் திம்பாங் என்பார்கள். பழக்குலை ஏற்றிய லோரியை ஒருமுறை நிறுப்பார்கள், கொட்டிவிட்டு வந்ததும் காலி லோரியை மறுமுறை நிறுப்பார்கள். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் பழத்தின் எடை. பணம் அதற்குத்தான்.

அந்த ஆலையில் இருந்தது இரும்பு நெம்புகோல்களாலான பழைய மேடை. அதன் கடைசிக் கம்பியில் ஒரு லோட் செல்லை, அதாவது எடையை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரியை, கோத்து, கிராணி மேசையில் எங்கள் பெட்டியை வைத்தோம். கொள்ளளவு 30 டன். ஒரு கோடு, அதாவது கருவி காட்டும் ஆகச் சிறிய படி, 10 கிலோ, ஆக மொத்தம் 3,000 கோடுகள். பெட்டிக்குள் இன்டெல் 8051 வகைச் சில்லு. அந்தச் சில்லு 1980இல் வந்தது; அதன் உள் நினைவகம் மொத்தம் 128 பைட். இன்று கைப்பேசியில் அனுப்பும் சற்று நீண்ட ஒரு தமிழ் வாக்கியம்கூட அதில் அடங்காது. அந்த 128க்குள்தான் எடை, சராசரி, பூஜ்ய அளவு, பிரிண்டருக்குப் போகும் எழுத்துகள், நிரல் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் ஸ்டாக் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். நிரல் முழுவதையும் அசெம்ப்ளியில், சில்லின் சொந்தக் கட்டளைகளிலேயே, நான் ஒருவனே எழுதினேன்.

வேலை இரண்டு பகுதியாக நடக்கும். நொடிக்கு 20 முறை ஓர் இன்டரப்ட் வரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அது நிறுத்தி, லோட் செல் சொல்லும் புது எடையைக் கணக்கிட்டு, நினைவகத்தில் எழுதிவிட்டு, விட்ட இடத்திலேயே மறுபடி ஓடவிடும். மற்ற நேரமெல்லாம் முதன்மை நிரல் ஓடும். நினைவகத்திலிருந்து எடையை எடுத்துத் தசம எண்ணாக மாற்றி விளக்கெண்களில் காட்டும். பொத்தானை அழுத்தினால் சீட்டில் அச்சடிக்கும். எடை ஒரு கோட்டுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தால் அச்சடிக்க விடாது. அந்த ஒரு காவல் போதும் என்று நினைத்திருந்தேன்.

புகார்

1989இல் ஆலையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஒரு லோரியின் காலி எடை சில நாள் தவறாக அச்சாகிறதாம். சொன்னவர் அலுவலக அதிகாரி. அவர் குரலில் கருவி மேல் சந்தேகம் இல்லை, லோரிக்காரர் மேல்தான் சந்தேகம்.

காரணம் இருந்தது. சிறு தோட்டக்காரர்களின் பழத்தைக் கூலிக்கு ஏற்றிவரும் சொந்த லோரி அது. கணக்கைச் சரிபார்த்தபோது, அந்த லோரியின் காலி எடை 2,560 கிலோ என்று இரண்டு சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. உண்மையில் அது ஐந்து டன்னுக்கு மேல் வரும் வண்டி. காலி எடை குறைந்தால் பழத்தின் எடை கூடும். இரண்டரை டன் பழம், அதாவது ஒரு வெட்டாள் ஒரு நாள் முழுக்க வெட்டி இறக்குவதைவிட அதிகம், வராமலேயே வந்ததாகக் கணக்காகிவிட்டது. பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்தி காலி எடையைக் குறைப்பது எல்லா ஆலைக்காரர்களும் அறிந்த பழைய திருட்டு. அதைத்தான் செய்தார், கிராணியும் உடந்தை என்று முடிவு கட்டினார்கள்.

அதே லோரிக்கு எடை எதிர்த்திசையிலும் தவறியிருந்தது. காலி எடை 7,670 என்று அச்சாகி, அவருக்கு இரண்டரை டன் பணம் குறைந்தது. அவர் போய்க் கேட்டிருக்கிறார். தன் திருட்டை மறைக்கச் சண்டை போடுகிறார் என்று அதையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். கொஞ்ச நாளில், இனி இந்த லோரி வாசலுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று பயணங்கள்

முதல் முறை போனபோது கேபிளை மாற்றினேன். எலி கடித்த தடம் இருந்தது, மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை தரை இணைப்பைப் புதிதாகப் போட்டோம். செம்பனை ஆலைகள் பழநாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் தாங்களே மின்சாரம் எடுப்பவை. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பினால் விளக்கு மங்கும். மின்சாரம் குலுங்குகிறது என்று அறிக்கை எழுதினேன். மூன்றாம் முறை லோட் செல்லையே மாற்றினோம்.

மூன்று முறையும் நிரலைத் திறந்து பார்க்கவில்லை. அது எத்தனையோ இடத்தில் ஓடுகிறதே என்று இருந்தேன். சட்டமும் என் பக்கம் நிற்பதுபோல் தெரிந்தது. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வணிகத்துக்குப் பயன்படும் எடைக்கருவியைச் சோதித்து முத்திரை போட வேண்டும். எங்கள் பெட்டி முத்திரை வாங்கியிருந்தது. சான்று எடைகளை ஏற்றிப் பார்த்தபோது ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

அது ஏன் பிசகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சோதனை எடைகள் முழு டன்களாக ஏறின. ஒரு டன் என்பது 100 கோடு. எங்கள் பிழையோ 256 கோடுகளின் மடங்கு வரும் இடத்தில் மட்டுமே வாய் திறக்கும். முழு டன் எடை ஒன்று அந்த இடத்தில் சரியாக உட்கார வேண்டுமானால் 64 டன் ஏற்ற வேண்டும். மேடையோ 30 டன் மேடை. எத்தனை ஆண்டு சோதித்தாலும் அந்தச் சோதனையில் பிழை அகப்பட்டிருக்காது.

நோட்டு

நான்காம் முறை போனபோது அந்தக் கிராணி, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தவர், என்னை வாசலுக்கு வெளியே ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனார். தே தாரிக் வந்தது. அவர் குடிக்கவில்லை.

"தம்பி, மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் பொட்டியத்தான் பாத்தீங்க. அதுகிட்ட ராப்பகலா உக்காந்திருக்கறவன ஒரு வார்த்த கேக்கலியே."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மலேசியாவில் மளிகைக் கடைக் கடன் எழுதும் 555 நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பென்சிலில் கோடு போட்டு நான்கு பத்திகள்: தேதி, லோரி எண், அச்சான எடை, மறுபடி ஏற்றிப் பார்த்த எடை. 14 மாதத்தில் ஒன்பது வரிகள். எழுத்து அச்சுப் போல இருந்தது.

ஏழு வரி அந்த ஒரே லோரி.

2560 என்று அச்சு, மறுபடி ஏற்றினால் 5120. அடுத்தது 7670, மறுபடி 5110. அடுத்தது 2560, மறுபடி 5110. பிறகு 7670, மறுபடி 5120. மற்ற மூன்றும் இதே மாதிரிதான். எட்டாவது வரி வேறு லோரி, பாரத்தோடு: 7680, மறுபடி 10240. ஒன்பதாவதும் வேறு: 10240, மறுபடி 12800.

"இந்த வண்டியோட காலி எட எனக்கு மனப்பாடம் தம்பி. அஞ்சாயிரத்து நூறு, நூத்தி இருவது, அதுக்கு மேல கீழ போகாது. தப்பா வந்தா அப்பவே பின்னால எடுத்து மறுபடி ஏறச் சொல்லிருவேன். சரியா வந்துரும். நான் இல்லாத ஷிப்டுல வந்ததத்தான் ஆபீஸ்ல புடிச்சிருக்காங்க."

அவர் இன்னொன்றும் சொன்னார். சில சமயம் விளக்கெண்களில் வேறொரு எண் கண் சிமிட்டுவதுபோல் வந்து மறைகிறதாம். ஒருமுறை சொன்னாராம், கண்ணாடி மாத்துங்க என்றார்களாம்.

மேசையில் கிடந்த நாளிதழின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன். 2560. 2560. 2550. 2550. ஒன்பது வரியிலும் இந்த இரண்டு எண்கள்தான். எலி கடித்த கேபிளும் குலுங்கும் மின்சாரமும் இப்படி ஒரே அளவில் ஒன்பது முறை தவறாது. கோட்டுக்கு 10 கிலோ; 2560ஐ 10ஆல் வகுத்தால் 256.

256 என்றதும் உடம்பு சில்லிட்டது. அது என் எண். என் நிரலைத் தவிர அந்த ஆலையில் வேறெங்கும் 256 கிடையாது.

இரண்டு பைட்

8051 எட்டு பிட் சில்லு. ஒரு நேரத்தில் ஒரு பைட்தான் கையாளும், அதாவது 0 முதல் 255 வரை. 3,000 வரை எண்ண இரண்டு பைட் வேண்டும். மேல் பைட் எத்தனை 256 என்று சொல்லும், கீழ் பைட் மிச்சத்தைச் சொல்லும்.

மோட்டார் சைக்கிள் மீட்டர் 199இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடப்பக்கத்து எண்ணைப் பார்த்து 1 என்று எழுதுகிறீர்கள். குனிந்து எழுதும் நேரத்தில் மீட்டர் 200க்குத் திரும்பிவிடுகிறது. நிமிர்ந்து மற்ற இரண்டு எண்ணைப் பார்த்தால் 00. நீங்கள் எழுதி முடித்தது 100. மீட்டர் எந்த நொடியிலும் 100 காட்டவில்லை. நீங்களும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினீர்கள்.

அந்த லோரியின் காலி எடை 511 கோட்டுக்கும் 512 கோட்டுக்கும் நடுவில் ஆடும் எடை. 512 என்பது 256இன் சரியான இரு மடங்கு. 511இல் மேல் பைட் 1, கீழ் பைட் 255. 512இல் மேல் பைட் 2, கீழ் பைட் 0. என் முதன்மை நிரல் மேல் பைட்டை முதலில் எடுக்கும். 1 என்று எடுத்த பிறகு இன்டரப்ட் வந்து எடையை 512 ஆக்கிவிட்டால், அடுத்து எடுக்கும் கீழ் பைட் 0. சேர்த்தால் 256 கோடு, 2,560 கிலோ. எதிர்த்திசையில் 2 என்று எடுத்த பிறகு எடை 511க்கு இறங்கினால் கீழ் பைட் 255. சேர்த்தால் 767 கோடு, 7,670 கிலோ. கிராணி நோட்டில் இருந்த அதே இரண்டு எண்கள்.

அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்பதுதான் எனக்கு வலித்த இடம். இரண்டு பைட்டையும் அடுத்தடுத்து எடுத்திருந்தால் சில மைக்ரோநொடிதான். யாருக்கும் ஆயுள் முழுக்க நேராமல்கூடப் போயிருக்கலாம். நான் மேல் பைட்டை எடுத்து, அதைத் தசமமாக மாற்றி முடித்து, பிறகுதான் கீழ் பைட்டைத் தொட்டேன். கிட்டத்தட்ட 1 மில்லிநொடி. இன்டரப்ட் 50 மில்லிநொடிக்கு ஒரு முறை வருகிறது. ஆக ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு, அதிலும் எடை எல்லையைத் தாண்டும் தருணமாக இருக்க வேண்டும். நாளைக்கு நாலைந்து நடை வரும் லோரிக்கு, டீசல் அளவும் சேறும் ஒத்துவரும் நாட்களில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நோட்டில் 14 மாதத்துக்கு ஏழு.

ஏன் அப்படி எழுதினேன்? எடையை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு பிறகு மாற்றியிருக்கலாம். நகலுக்கு இரண்டு பைட் வேண்டும். 128இல் இரண்டை மிச்சம் பிடித்தேன். அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நிரலிலேயே குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

எடை ஆடினால் அச்சடிக்காது என்ற காவலும் உதவவில்லை. அந்தச் சோதனை இன்டரப்டுக்குள் நடந்தது. அங்கே எடை எப்போதும் முழுசாகவே இருந்தது. உடைந்தது வெளியே எடுத்துவரும் வழியில்.

சோதனை

காரணம் தெரிந்துவிட்டது என்று நானே நம்புவது போதாது. நிரலில் ஒரு வரியும் மாற்றாமல், அதே பிழையை என் மேசையில் வரவழைக்க வேண்டும்.

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் பட்டறை. லோட் செல்லுக்குப் பதிலாக ஒரு மாறுமின்தடையை இணைத்து, 5110க்கும் 5120க்கும் நடுவில் எண் ஆடும்வரை திருகினேன். அச்சுப் பொத்தானுக்குப் பதிலாக ஒரு 555 டைமர் சில்லு, இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பு. கிராணியின் நோட்டும் 555, இந்தச் சில்லும் 555. அந்த ராத்திரி அது ஏதோ துணைக்கு வந்ததுபோல் இருந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. 5120, 5110, 5110, 5120.

பதினொன்றாவது நிமிடத்தில் 2560.

அடுத்த வரி மறுபடி 5120. ஒரு வரிதான், தடயமே இல்லை. நான் கடையில் இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். விடியும்போது தாள் தரையெல்லாம் மடிந்து கிடந்தது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து எண்ணினேன், 23 இடம். வேறெந்தத் தவறான எண்ணும் இல்லை. 2560, 7670 இரண்டே.

பிறகு வந்த ஆண்டுகளில் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன். கோளாறு என்று யார் சொன்னாலும் முதலில் எண்ணைக் கேட்பேன், சுமாராக இல்லாமல் சரியான எண். எங்கள் தொழிலில் எண்களுக்கு முகம் உண்டு. 256, 32,767, 65,535 எல்லாம் பார்த்த உடனே அடையாளம் தெரியும். ஏழு வாரம் ஓடி நின்றது என்றால் 49.7 நாள் நினைவுக்கு வரும். 32 பிட்டில் மில்லிநொடியை எண்ணினால் அன்றுதான் எண் நிரம்பி வழியும். விண்டோஸ் 95 அப்படித்தான் முடங்கியது. 2015இல் போயிங் 787 விமானத்தை 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் விடக்கூடாது, ஜெனரேட்டர் கட்டுப்பாடுகள் நின்றுவிடக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. அந்த 248ஐப் படித்ததும் காகிதத்தை எடுத்து, அத்தனை நாளில் நொடியின் நூறில் ஒரு பங்கு எத்தனை என்று கணக்கிட்டேன். 2இன் 31ஆம் அடுக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

திருத்தமும் கடிதமும்

திருத்தம் நான்கு கட்டளை. இன்டரப்டை மூடு, மேல் பைட்டை நகலெடு, கீழ் பைட்டை நகலெடு, இன்டரப்டைத் திற. நிரலில் 10 பைட், நேரம் ஆறரை மைக்ரோநொடி. நகலுக்கு வேண்டிய இரண்டு பைட்டைப் பிரிண்டர் வரிசையிலிருந்து எடுத்தேன். இரண்டு எழுத்து குறைந்ததில் யாருக்கும் நட்டமில்லை. நிரலைத் தாங்கும் ஈப்ரோம் சில்லுகளைப் புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்து அழித்து, புது நிரலை ஏற்றி, அதே மாறுமின்தடையில் மூன்று ராத்திரி ஓட்டினேன். தாளில் ஒரு தவறும் இல்லை.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் பயந்தார். இருபது பேர் வேலை செய்யும் இடம். தரம் உயர்த்துகிறோம் என்று சொல்லிச் சில்லை மாற்றிவிட்டு வந்துவிடு, காரணம் சொல்ல வேண்டாம் என்றார். அந்த லோரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் பால் எடையைப் பற்றியும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்று என்னவெல்லாம் பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீயே போய்ச் சொல் என்றார்.

ஆலை நிர்வாகியின் மேசையில் சிவப்புக் கோடிட்ட தாளையும் 555 நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிழை என்னுடையது, வண்டியும் கிராணியும் எதுவும் செய்யவில்லை என்றேன். அவர் இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லோரிக்குத் தடை அந்த வாரமே நீங்கியது. குறைத்த பணத்தையும் கொடுத்தார்கள்.

லோரிக்காரர் வீட்டுக்கு மாலையில் போனேன். வண்டியின் அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விவரம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் எழுதிக் குடுப்பியா தம்பி?"

"கண்டிப்பாண்ணே. மலாய்ல எழுதித் தாரேன்."

"மலாய்ல ஒண்ணு, ஆபீசுக்கு. தமிழ்ல ஒண்ணு."

"தமிழ்ல யாருக்குண்ணே?"

"எங்கம்மா படிக்கணும்."

அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினேன். தொழில்நுட்ப அறிக்கை எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் எழுத அத்தனை நேரம் வேறெதற்கும் ஆனதில்லை. பைட், இன்டரப்ட் எதுவும் வராமல், எடைப்பெட்டி தவறு செய்தது, அதைச் செய்தவன் நான், உங்கள் மகன் எதுவும் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒன்றை லோரியின் முன்பெட்டியில் வைத்தார்.

ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். தோட்டப் பட்டணத்தில் பேச்சு திரும்ப வருவதில்லை. சில சிறு தோட்டக்காரர்கள் அவர் லோரிக்குத் திரும்பவே இல்லை என்று பின்னால் கிராணி சொன்னார்.

கேட்காத கேள்வி

1993இல் தெராக்-25 பற்றிய நீண்ட விசாரணைக் கட்டுரை வெளியானது. சில ஆண்டு கழித்துத்தான் என் கைக்கு வந்தது. கனடாவில் செய்த அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவை மீறிய கதிரைப் பாய்ச்சியது, உயிரிழப்பும் நேர்ந்தது. காரணங்களில் ஒன்று, இரண்டு வேலைகள் ஒரே நினைவிடத்தை ஒரே நேரத்தில் தொட்டது. இன்னொன்று, ஒரே பைட்டில் வைத்த ஓர் எண் 256ஆவது முறை பூஜ்யமாகிச் சோதனையையே தாண்டவிட்டது. சுடுகிறது என்று நோயாளி சொன்னபோது, அப்படி நடக்க வழியில்லை என்று பதில் வந்தது. ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் உட்கார்ந்து, விரைவாகத் தட்டச்சிட்டுப் பிழையைத் திருத்தும்போது வருகிறது என்று மறுபடி வரவழைத்துக் காட்டினார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணாடி மாத்துங்க என்று கிராணியிடம் சொன்னது வேறு யாரோ. நான் அவரிடம் எதையுமே கேட்கவில்லை, அது அதைவிடப் பெரிய தவறு.

அதே பிழையைப் பின்னால் வேறு உடையிலும் பார்த்தேன். 32 பிட் ஏஆர்எம் சில்லில் 64 பிட் நேரத்தை இரண்டு துண்டாக எடுக்கும் நிரல் ஒன்றை இளம் பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்ததால் ஒரு மதியத்தில் முடிந்தது. சில்லு பெரிதானால் சந்து குறுகும், அவ்வளவே. எண் சில்லின் அகலத்தைவிடப் பெரிதாகவும், அதை இன்டரப்ட் தொடுவதாகவும் இருந்தால் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டும் என்று எனக்குக் கீழ் வேலை செய்த எல்லோருக்கும் சொன்னேன்.

மற்ற ஆலைகள்

அதே பெட்டி வேறு ஆலைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1990இல் சில்லுகளை ஒரு தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டு, சிலாங்கூரிலும் பேராவிலும் ஒவ்வொன்றாகப் போய் மாற்றினேன். இந்த முறை பெட்டியைத் திறக்குமுன் கிராணியிடம் கேட்டேன். எடை எப்பவாவது தப்பா வந்திருக்கா ஐயா?

பாதி இடத்தில் இல்லை என்றார்கள். மற்ற இடங்களில் கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஆமா, எப்பவாச்சும் வரும். மறுபடி ஏத்துவோம், சரியாயிரும்." இரண்டரை டன் வித்தியாசம் என்று ஒருவர் அளவையும் சரியாகச் சொன்னார். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. பழுது பார்க்கப் போன எங்கள் ஆட்களும் கேட்கவில்லை.

தெலுக் இந்தான் பக்கம் ஓர் ஆலையில், பெட்டியின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மலாயில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி: சந்தேகம் இருந்தால் மறுபடி ஏற்று. ஓரமெல்லாம் பழுப்பேறி, செல்லோடேப் மேல் செல்லோடேப்பாக ஒட்டியிருந்தார்கள். சில்லை மாற்றி, மூடியைத் திருகி, அந்தத் தாளை உரிக்கக் கையை வைத்தேன்.

"இனிமே வராது ஐயா. சரி பண்ணியாச்சு."

கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கெடக்கட்டும் தம்பி."

உரிக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.